ட்ரெஞ்ச் கன்: முத்திரையை எவ்வளவு நம்பலாம்?

1918 செப்டம்பரில் ஜெர்மனி அமெரிக்காவுக்கு ஒரு கண்டனக் குறிப்பு அனுப்பியது. பதுங்குகுழிச் சண்டையில் அமெரிக்கப் படையினர் ஷாட்கன் பயன்படுத்துகிறார்கள், தேவையற்ற துன்பம் தரும் ஆயுதங்களைத் தடைசெய்யும் ஹேக் உடன்படிக்கைக்கு இது எதிரானது என்பது அதன் வாதம். அமெரிக்கா அதை ஏற்கவில்லை. அந்தச் சர்ச்சையோடு பெயர் சேர்ந்துவிட்ட துப்பாக்கி, ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 மாடல். 12 கேஜ் அளவுள்ள இந்த வேட்டைத் துப்பாக்கியின் குழலை 20 அங்குலமாகக் குறுக்கினார்கள். சூடேறிய குழல் கையைச் சுடாதபடி அதன்மேல் துளையிட்ட எஃகுத் தகட்டைப் பொருத்தினார்கள். முனையில் பயனெட் மாட்டவும் இடம் வைத்தார்கள். இப்படி உருவானதுதான் ‘ட்ரெஞ்ச் கன்’. 1897 மாடலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் விற்றன. போருக்குப் போனவை அவற்றில் சிறு பகுதியே. அதனால் சேகரிப்பாளர்களிடம் அவற்றுக்குப் பெரும் விலை. விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கிறது.

வாங்குபவர்கள் முதலில் தேடுவது ‘யு.எஸ்.’ என்ற எழுத்துகளையும், படைக்கலத் துறையின் சின்னமான தீப்பிழம்பு எழும் வெடிகுண்டையும்தான். என் பார்வையில், இருக்கும் சாட்சிகளில் மிகப் பலவீனமானவை இவையே. அச்சு ஒன்றைச் செதுக்கிச் சுத்தியலால் அடித்தால் எவரும் உண்டாக்கிவிடலாம். ஒரு பாகம் இன்னொரு பாகத்தைக் கட்டுப்படுத்தும் இடங்களில் பொய் சொல்வது அவ்வளவு சுலபமல்ல. முதல் உலகப் போர்க்காலத் தகட்டில் துளைகள் ஆறு வரிசை; 1942 முதல் நான்கு வரிசைத் தகடு வந்தது. முதல் போரின் துப்பாக்கிகளில் குழலும் உடலும் பிரிக்க முடியாதவை. இரண்டாம் போரில் பெரும்பாலும் கழற்றக்கூடிய வகை. ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கல மாவட்டத் தலைவர் கை ட்ரூரியின் முதலெழுத்துகளான ‘ஜி.எச்.டி.’ இரண்டாம் போர்க்காலத்து மரக்கட்டைகளில்தான் வரும். 1918இன் வரிசை எண் உள்ள துப்பாக்கியில் அந்த எழுத்துகள் இருந்தால், கட்டை பின்னால் வந்தது என்பது உறுதி. தேய்மானமும் இப்படியே பேசும். தொழிற்சாலை பொறித்த எழுத்துகள் மறுமெருகில் மழுங்கியிருக்க, அதே பரப்பில் வெடிகுண்டு மட்டும் கூராக நின்றால், அது மெருகுக்குப் பிறகு அடித்தது.

பாகங்கள் பொருந்தாவிட்டால் போலி என்று சொல்லிவிடலாமா? கூடாது. படைக்கிடங்குகள் பழுதான துப்பாக்கிகளைப் பிரித்து, கிடைத்த பாகங்களைக் கொண்டு மீண்டும் கோத்தன. ஆனால் கிடங்கு வேலைக்கும் தடயம் உண்டு. இரண்டாம் போரில் 1897 மாடல் தொழிற்சாலையிலிருந்து கருநீல மெருகோடு வந்தது. சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு இருந்தால் பிற்பாடு யாரோ பூசியது என்று பொருள். கட்டையில் அகஸ்டா ஆர்சனலின் ‘ஏ.ஏ.’ போன்ற மறுசீரமைப்பு முத்திரையும் பூச்சுக்கு ஒத்த தேய்மானமும் சேர்ந்திருந்தால், அது ராணுவமே செய்த மாற்றம் என்று ஏற்க இடமுண்டு. முத்திரையே இல்லாதவற்றை ஒதுக்கிவிடலாம் என்பார்கள் சிலர். அதுவும் தவறு. முதல் போரின் ட்ரெஞ்ச் கன்களில் பல முத்திரையில்லாமலே படைக்குப் போயின. போருக்குப் பிறகு காவல்துறைக்கும் சிறைக்காவலுக்கும் வின்செஸ்டர் இதே வடிவத்தை விற்றது. முத்திரை இல்லாத இந்த உண்மையான துப்பாக்கிகள்மீதுதான் இன்று பொய் முத்திரை அதிகம் ஏறுகிறது என்பது வருத்தத்துக்குரியது. அதை அடிப்பவர் ஒரு பொய்யைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை. எழுத்தைப் பதிக்க உலோகத்தைத் தேய்க்கும்போது, அந்தத் துப்பாக்கி எங்கே உழைத்தது என்பதற்கு எஞ்சியிருந்த சான்றையும் சேர்த்தே அழிக்கிறார்.