கேரவனுக்குள் கரண்ட்

கேரவன் வண்டிக்கு மின்சாரம் இரண்டு வழியில் வருகிறது. நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் ஒயர் இழுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வண்டியிலேயே இருக்கும் ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும். சினிமா படப்பிடிப்பில் பார்த்துப் பழகிய இந்த வண்டிகள் இப்போது சுற்றுலாவுக்கும் ஓடுகின்றன. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் இரவு தங்க ஒதுங்கும் வண்டி எதுவானாலும், ஏசி ஓட இந்த இரண்டில் ஒன்றைத்தான் நம்பியாக வேண்டும்.

ஜெனரேட்டரில் பெரிய ஆபத்து அதன் புகை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் வரும்; தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாமலே உயிர் போய்விடும்.

வண்டியின் அடித்தளத்தில் ஒயர் போக விட்ட ஓட்டையோ, சைலன்ஸர் இணைப்பில் விழுந்த விரிசலோ போதும், புகை உள்ளே வர. பயணத்துக்கு முன் மெக்கானிக்கை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். தனியாக இறக்கி வைக்கும் ஜெனரேட்டரானால் கதவு, ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். சுவரும் வண்டியும் நெருங்கிய சந்தில் ஓட்டவே கூடாது. படுக்கை அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். அது கத்தினால் முதலில் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். யாருக்காவது மயக்கமோ தலைவலியோ இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

வெளி இணைப்பில் ஆபத்து வேறு. 230 வோல்ட், 16 ஆம்பியர் பாயின்ட்டில் சுமார் 3,600 வாட் வரைதான் எடுக்கலாம். 2,000 வாட் கெய்சரும் 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த அளவு தாண்டிவிடும். ஒயர் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்க வேண்டும். சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும். முழுவதும் பிரித்துப் போட வேண்டும்.

எர்த்தை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. எர்த் இல்லாத பாயின்ட்டில் மாட்டி, உள்ளே கசிவு ஏற்பட்டால் வண்டி உடல் முழுக்க மின்சாரம் ஏறும். ஈரத்தரையில் நின்று கைப்பிடியைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். டெஸ்டர் எரிவதை வைத்து எர்த் சரியென்று முடிவு கட்ட முடியாது. கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தி, அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது. அப்படியானால் ஆர்சிசிபி விழாமலே போகலாம். அதை எலக்ட்ரீஷியன்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு மின்சாரமும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. அதற்குத்தான் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குக் கொடுத்தால், கரண்ட் இல்லையென்று நம்பி கம்பத்தில் ஏறிய ஈபி ஊழியரின் உயிரையே அது பறிக்கக்கூடும்.

இரவில் எர்த் உள்ள பாயின்ட் கிடைக்காவிட்டால் ஏசியை மறந்து, ஜெனரேட்டரை அணைத்து, பேட்டரியில் ஃபேன் போட்டுத் தூங்குங்கள்.