உங்களுக்குத் தெரியுமா? சாப்பிடாமலே காலையில் சர்க்கரை ஏறும்!

ராத்திரி இரண்டே இட்லி. படுக்கும்போது 130 காட்டிய குளுக்கோமீட்டர், காலையில் காபிகூடக் குடிக்கும் முன்பே 170 என்கிறது. வீட்டில் விசாரணை தொடங்கிவிடும்: "யாருக்கும் தெரியாம என்ன சாப்பிட்டீங்க?" பெரும்பாலும் குற்றவாளி கல்லீரல்தான்.

விடியற்காலை 3 மணிக்கு மேல் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடும். அதனால் கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடும். இது எல்லோருக்கும் நடப்பதே. நீரிழிவு இல்லாதவர்களுக்குக் கணையம் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடுகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் அது போதுவதில்லை, சுரப்பதும் சரியாக வேலை செய்வதில்லை.

இன்சுலின் அல்லது சில வகை மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து, உடம்பு அதை ஈடுகட்டப்போய் காலையில் ஏறலாம் என்று 1930களில் சொன்னவர் மைக்கேல் சொமோகி. இது அபூர்வம் என்பதே இன்றைய மருத்துவர்கள் பலரின் கருத்து. ஆனாலும் சில நாள் அலாரம் வைத்து 3 மணிக்கு விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். காலை எண்ணை மட்டும் பார்த்து ராத்திரி மருந்தை நீங்களாகக் கூட்டுவது ஆபத்து.

ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிப்பது, பிறகு சற்று நடப்பது பலருக்கு உதவும். மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே கல்லீரலின் இந்தத் தாராளத்தைக் குறைப்பதுதான்.