தரையில் தேய்க்கும் நாய் சொல்வது என்ன?

கூடத்தில் விருந்தினர் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் சில வீட்டு நாய்கள் அந்த வேலையைச் செய்யும். பின்னங்கால்களை முன்னே நீட்டி, உட்கார்ந்தபடியே, முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு பின்புறத்தைத் தரையில் தேய்க்கும். குழந்தைகள் சிரிப்பார்கள். பெரியவர்கள் "சீ, அசிங்கம்" என்று விரட்டுவார்கள். சிலர் ஓர் அடியும் வைப்பார்கள். ஆனால் நாய்க்கு அது விளையாட்டும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. அங்கே அரிக்கிறது அல்லது வலிக்கிறது. கையில்லாத உயிர் வேறு எப்படிச் சொறிந்துகொள்ளும்? அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்க்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இந்த ஒரு தொல்லையை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

இரண்டு சிறு பைகள்

நாயின் ஆசனவாயை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 4 மணி இருக்கும் இடத்தில் ஒன்றும் 8 மணி இருக்கும் இடத்தில் ஒன்றுமாக, தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றுள் பழுப்பு நிறத் திரவம் ஊறிக்கொண்டே இருக்கும். அதற்குக் கடுமையான மீன் வாடை. மலம் கெட்டியாக வெளியேறும்போது பைகள் அழுந்தி, மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் திரவம் கூடவே வந்துவிடும். அந்த வாடை ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கையெழுத்து மாதிரி. நாய் திடீரென்று பயந்தாலும் அது பீறிட்டு வரும்.

மலம் இளகலாகவே போய்க்கொண்டிருந்தால் பைகள் அழுந்துவதில்லை. திரவம் தங்கித் தடித்து, குழாயை அடைத்துக்கொள்ளும். சிறு இன நாய்களுக்கும், உடல் பருத்த நாய்களுக்கும், தோல் ஒவ்வாமை உள்ள நாய்களுக்கும் இது அதிகம் வரும்.

தொல்லை மூன்று படிகளில் வளரும். முதலில் அடைப்பு: தரையில் தேய்க்கும், பின்புறத்தை ஓயாமல் நக்கும், வாலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அடுத்து அழற்சி: உட்காரத் தயங்கும், மலம் கழிக்கும்போது முனகும், வாலைத் தொட்டால் உறுமும். கடைசியில் சீழ்க்கட்டி: ஆசனவாய்க்கு ஒரு பக்கமாகச் சிவந்து வீங்கி, பிறகு உடைந்து இரத்தமும் சீழும் வடியும். "நாய்க்கு மூலம் வந்துவிட்டது" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இந்த மூன்றாவது படியைத்தான். முதல் படியிலேயே கவனித்திருந்தால் அந்த உயிர் இவ்வளவு வேதனைப்பட வேண்டியதில்லை.

எல்லாம் பூச்சிதானா?

நாய் தேய்த்தால் உடனே கடைக்குப் போய்ப் பூச்சி மாத்திரை வாங்கிப் போடுவது வழக்கம். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆசனவாயைச் சுற்றியோ படுக்கும் துணியிலோ அரிசி மணி போல, வெள்ளரி விதை போல வெண்மையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அவை நாடாப்புழுவின் துண்டுகள். இந்தப் புழு வருவது தெள்ளுப்பூச்சி வழியாக. அரிப்புத் தாங்காமல் தன் உடம்பைக் கடிக்கும் நாய் தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. தெள்ளுக்குள் இருக்கும் புழுவின் இளம் வடிவம் நாயின் குடலில் வளர்கிறது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் சில வாரங்களில் புழு திரும்பிவிடும். மாத்திரையின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

புழுவும் இல்லை, பையும் நிறையவில்லை, ஆனாலும் தேய்க்கிறது. கூடவே பாதங்களை நக்குகிறது, காதும் நாறுகிறது என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம். வயதான நாய்க்கு அந்த இடத்தில் கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் அது புற்றாகவும் இருக்கக்கூடும், நாள் கடத்தாதீர்கள்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

அடைத்த பையை அழுத்தி வெளியேற்றுவது மருத்துவருக்குச் சில நிமிட வேலை. சீழ் பிடித்திருந்தால் பையைக் கழுவி மருந்து கொடுப்பார். மும்பை அன்பர்களுக்குப் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவரும் நிலையம் அது. மருத்துவரிடம் போகும்வரை, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை 5 நிமிடம் ஒற்றிக் கொடுக்கலாம். நக்க விடாமல் கழுத்தில் கூம்புப் பட்டை போடலாம். கட்டி உடைந்துவிட்டால் அன்றே கொண்டு போக வேண்டும்.

மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் கரைத்த எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். நாய் அதை நக்கி உள்ளே கொண்டு போகும். கற்பூரம் நாய்க்கு நஞ்சு. நாம் சாப்பிடும் ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். குளிப்பாட்டும் கடைகளில் ஒவ்வொரு முறையும் வழக்கமாகப் பையை அழுத்தி விடுவார்கள். தொல்லை இல்லாத நாய்க்கு அது தேவையில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீணாக அழுத்தினால் அதனாலேயே புண் வரும்.

வருமுன் காக்கும் வழிகள் எளியவை. தயிர்சாதம், பால் என்று கொடுத்து மலம் இளகினால் அவற்றைக் குறைக்கவும். வேகவைத்து மசித்த பரங்கிக்காயைச் சிறு நாய்க்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி உணவோடு கலக்கலாம். அதிலுள்ள நார்ச்சத்து மலத்தைக் கெட்டிப்படுத்தும். சாம்பார் சாதம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. தினமும் நடக்க விட்டு எடையைக் கட்டுக்குள் வையுங்கள். நீள முடி நாய்களுக்கு வாலடியில் முடியைக் கத்தரித்து விடவும். மழைக்காலத்தில் நனைந்து வந்தால் ஈரம் போகத் துடைக்கவும். வாரம் ஒருமுறை வாலைத் தூக்கிப் பாருங்கள். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். தெள்ளின் முட்டைகளும் புழுக்களும் நாயின் உடம்பில் இருப்பதைவிடத் தரையிலும் துணியிலும்தான் அதிகம்.

அஹிம்சைக்காரர் கேட்கும் கேள்வி

எங்கள் சமணக் குடும்பங்களில் ஒரு கேள்வி எழும். "நாயைக் காப்பாற்றப் புழுவையும் தெள்ளையும் கொல்லலாமா?" நியாயமான கேள்விதான். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தது போலச் சமண நூல்களும் புலன்களை எண்ணி வகுக்கின்றன. புழு ஈரறிவு, பேன் முதலியவை மூவறிவு, நாய் ஐயறிவு. எதுவும் உயிரே. கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு கொல்வதை இல்லறத்தான் முழுவதும் விட வேண்டும். இல்லறக் காரியங்களில் தவிர்க்க முடியாமல் நேர்வதைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது மரபு. இதை நினைத்தால் விடை கிடைத்துவிடும். துணியைத் துவைத்து, தரையைப் பெருக்கி, தெள்ளு அண்டாமலே பார்த்துக்கொண்டால் பிறகு மருந்தடித்து ஆயிரக்கணக்கில் கொல்ல வேண்டியதில்லை. நாளாந்தச் சுத்தமே பெரிய ஜீவகாருண்யம். அதையும் மீறி நோய் வந்தபின், மருந்து கொடுக்காமல் நாயைத் துடிக்க விடுவதை அஹிம்சை என்று சொல்ல முடியாது.

உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில், கொல்லாமை நோன்புக்குக் குற்றம் சேர்ப்பவை ஐந்து என்கிறது: கட்டிப்போடுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். இவற்றில் பெரும்பாலானவற்றை, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் குற்றமாகவே எண்ணுகிறது. வளர்த்த பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவதையும் சேர்த்துக்கொள்கிறது. நாற்றம் பொறுக்காமல் நாயை மொட்டை மாடியில் கட்டிப்போடுகிறவர்களும், தெருவில் விட்டுவிடுகிறவர்களும் இதை அறிய வேண்டும். பெரும்பாலும் அந்த நாற்றம் ஒரு மருத்துவரின் சில நிமிட வேலையில் தீர்ந்துபோகக் கூடியது.