மிக்ஸி பிளேடில் ஒட்டிய வெல்லம்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் நந்திதுர்க் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் என்றதும் காசநோய்தான் ஞாபகம் வரும். சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ், அதன் பின்னாலேயே காசநோய். சுரங்கம் 2001-இல் மூடிவிட்டது. இன்று எந்த வீட்டுப் பெரியவருக்கும் வரக்கூடியது, வழக்கமான மருந்துக்கு அடங்காத சிறுநீர்த் தொற்று. அதற்கெனச் சென்னை ஆர்கிட் நிறுவனத்தில் பிறந்த செயற்கைச் சேர்மம்தான் என்மெட்டாசோபாக்டம். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் மிக்ஸியே போதும்.

பென்சிலின், செஃபிபைம் வகை மருந்துகள் பாக்டீரியாவைச் சுவர் கட்டவிடாமல் தடுக்கின்றன. அந்த மருந்துகளின் உயிர் நான்கே அணுக்களாலான ஒரு வளையத்தில் இருக்கிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் பீட்டா லாக்டமேஸ் என்னும் நொதியால் அந்த வளையத்தை உடைக்கின்றன. அந்த நொதிதான் மிக்ஸி பிளேடு. ஒன்றை அரைத்ததும் அடுத்ததற்குத் தயார்.

அதே பிளேடில் ஈர வெல்லக் கட்டியைப் போடுங்கள். வெட்டத் தொடங்கும், பாதியில் வெல்லம் இளகிப் பிசுபிசுத்து பிளேடையே பிடித்துக்கொள்ளும். என்மெட்டாசோபாக்டத்திலும் அந்த வளையம் உண்டு. நொதி ஏமாந்து அதை உடைக்கிறது. உடைந்தது விலகாமல் நொதியோடு வேதிப் பிணைப்பில் ஒட்டிக்கொள்கிறது. பிளேடு நின்றதும், கூடவே ஏற்றிய செஃபிபைம் சேதமில்லாமல் தன் வேலையைப் பார்க்கிறது.

டாசோபாக்டம் என்ற பழைய மருந்தும் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறது. ஆர்கிட் வேதியியலாளர்கள் அதில் ஒரு மீத்தைல் தொகுதியைக் கூட்டினார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவே. அதனால் மூலக்கூறுக்கு ஒரு நேர்மின்னூட்டம் கிடைத்து, ஏற்கெனவே இருந்த எதிர்மின்னூட்டம் சமனானது. கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள நுண்துளை, அதாவது மிக்ஸி மூடியின் ஓட்டை, வழியாக இப்போது எளிதாக நுழைகிறது. இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு இவ்வளவு பலன் என்பது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

சிக்கலான சிறுநீர்த் தொற்று உள்ளவர்களிடம் செஃபிபைம்-என்மெட்டாசோபாக்டம் கூட்டைப் பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற பழைய கூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான முடிவில் புதிய கூட்டுக்கு 79.1 சதவீத வெற்றி, பழையதற்கு 58.9. அமெரிக்க அனுமதி 2024 பிப்ரவரியில் கிடைத்தது.

எல்லாக் கிருமிக்கும் இது பலிக்காது. என்டிஎம் என்ற நொதி துத்தநாகத்தைக் கொண்டு வெட்டுவது. அந்தப் பிளேடில் வெல்லம் ஒட்டாது. ஆகவே கல்ச்சர் முடிவைப் பார்த்துத்தான் டாக்டர் இதைக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக 2 மணி நேரம் சொட்டுச் சொட்டாக, 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏற்றுவது இது. கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரையல்ல.