முதலாண்டு மாணவருக்கு ஒரு வழித்துணை

'கோச்சிங்' என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவது யாழ்ப்பாணத்து ரியூட்டரி: நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், மாதிரி விடை. நான் இங்கு குறிப்பிடுவது அதுவல்ல. பாடம் கற்பிப்பது இதன் வேலையே அல்ல. வாரந்தோறும் மாணவரோடு பேசி, நேரம் எங்கே போகிறது, கட்டணம் எப்படி வருகிறது, விளங்காததை விரிவுரையாளரிடம் கேட்டாயிற்றா என விசாரிப்பது. அடுத்த வாரமும் அதையே கேட்பது.

அமெரிக்காவில் 13,000க்கு மேற்பட்ட மாணவரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இத்துணையை வழங்கினார்கள். பெற்றிங்கரும் பேக்கரும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டின்பின் படிப்பில் நிலைத்தவர்கள் அப்பகுதியில் ஏறத்தாழ 5 சதவீதப்புள்ளிகள் அதிகம். சிறிய எண்தான். ஆனால் அழைப்புகள் நின்றபின்னும் வித்தியாசம் மறைந்துவிடவில்லை.

டுபாய் சர்வதேச கல்வி நகரிலுள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகளில் எம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அங்கே ஒரு வருடம் தவறினால் நட்டம் கட்டணத்தோடு நிற்பதில்லை. 2022இன் விதிமாற்றப்படி மணமாகாத மகனுக்குத் தந்தை 25 வயதுவரையே வதிவிட விசா எடுக்கலாம். ஊருக்குத் திரும்ப முடியாத குடும்பத்துக்கு இது சின்ன விடயமல்ல.

நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் புதியவனை இயந்திரத்தோடு தனியே விடுவதில்லை; பழையவர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் புதியவருக்குக் கிடைத்தது பகிடிவதை. (1998இல் அதற்கெதிராகச் சட்டமே இயற்றவேண்டி வந்தது.)

இச்சஞ்சிகை வாசகர் பலர் கற்பித்தவர்கள். ஆளுக்கொரு மாணவர், வாரம் அரைமணி நேரத் தொலைபேசி. முதல் அழைப்பில் பாடத்தைத் தொடவேண்டாம். பஸ் எத்தனை மணிக்கு, மத்தியானம் எங்கே சாப்பாடு என்று கேளுங்கள்.