ராஜாஜி: பதவி போன பின்னும் எழுதியவர்

டிசம்பர் 25 நமக்குக் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. 1972-ஆம் ஆண்டு அதே நாளில்தான் மூதறிஞர் ராஜாஜி, 94 வயது நிறைந்தவராய், சென்னையில் காலமானார். கடைசி கவர்னர் ஜெனரல் என்றே பள்ளியில் படித்திருக்கிறோம். பதவிகள் வந்து போயின. இறுதிவரை அவரோடு இருந்தது எழுத்துதான். 'சக்கரவர்த்தித் திருமகன்' அவருக்கு 1958-ல் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்தது.

பழமையைப் போற்றியவர் அவர். 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, 'சுவராஜ்யா' இதழில் 'பெர்மிட், லைசென்ஸ் ராஜ்யம்' என்று அரசின் கட்டுப்பாடுகளைச் சாடினார். அன்று ஏளனம் செய்தவர்கள் பலர். 1991-ல் காங்கிரஸ் அரசே அந்த லைசென்ஸ் முறையைப் பெருமளவு கைவிட்டது.

ஆனால் காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. முதல்வராயிருந்த அவர் 1953-ல், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மற்ற நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். பள்ளிகள் போதாத காலம். அவரது நோக்கம் தீயதென்று நாம் சொல்லமாட்டோம். வேட்டி, சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடியவரும் அவரே. ஆயினும் கோர்வைச் சேலைக்குத் தறியில் கூட ஒரு துணையாள் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்தது யாருடைய பிள்ளை என்பது இவ்வூராருக்குத் தெரியும். 'குலக்கல்வி' என்று எதிர்த்தவர்களில் முன்நின்ற அண்ணா, இதே ஊரின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அதே அண்ணாவோடு 1967 தேர்தலில் ராஜாஜி கூட்டுச் சேர்ந்தது தனிக்கதை!

மதுவிலக்கில் மட்டும் அவர் அசையவே இல்லை. 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து, கல்கியின் துணையோடு, இதற்கென்றே 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். 1937-ல் சேலம் மாவட்டத்தில் சட்டமாகவே கொண்டுவந்தார். 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்படவிருந்தபோது, தொண்ணூறைக் கடந்த அந்த முதியவர் முதல்வர் கருணாநிதியின் வீடு தேடிச் சென்று வேண்டாமென்று மன்றாடினார். பலிக்கவில்லை. 1974-ல் திரும்பி வந்த தடை 1981-ல் மீண்டும் விலகியது. 2003 முதல் டாஸ்மாக் வழியே அரசே சில்லறையாக விற்கிறது.

நெசவாளர் வீடுகளைச் சந்திக்கப் போகும்போது, கூலி வாங்கிய நாளின் மாலையில், கணவரைப் பற்றி நாம் கேட்பதில்லை. அந்தப் பெண்மணிகளே சொல்லிவிடுகிறார்கள்.