தோலுக்கடியில் ஒரு காவலாளி

ஒரே பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் நாம் என்ன செய்கிறோம்? நம்மை அறியாமலே சற்று நெளிந்து, எடையை மறுபக்கம் மாற்றிக்கொள்கிறோம். இதற்காக ஆசிரியையிடம் திட்டு வாங்கியவர்களும் நம்மில் உண்டு! ஆனால் இந்த நெளிவு இறைவன் நமக்குத் தந்த பாதுகாப்பு. அழுத்தப்பட்ட இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்ததும் நரம்புகள் தண்டுவடம் வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே நாம் அசைகிறோம்.

நம் தந்தையரும் அண்ணன்மாரும் ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் செல்கின்றனர். உயரத்திலிருந்து விழுந்தோ சாலை விபத்திலோ ஒருவருக்குத் தண்டுவடம் அடிபட்டால் அந்தச் செய்தி நின்றுவிடுகிறது. கால் அசையாதது பிறர் கண்ணுக்குத் தெரியும். உணர்ச்சி அற்றுப்போனது தெரியாது. ஆபத்து அதில்தான் மிகுதி. தோல் கன்றுவது தெரியாமலே படுக்கைப் புண் எலும்புவரை போய்விடும். சிறுநீர்ப்பை நிரம்புவது தெரியாமல் சிறுநீரகம் கெடும். மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, நிரம்பிய சிறுநீர்ப்பையே இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றி உயிரைப் பறிக்கவும் கூடும்.

1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் இத்தகையோரை இரண்டு மணிக்கொரு முறை, நள்ளிரவிலும், திருப்பிப் படுக்கவைக்கச் செய்தார். எளிய அந்த ஏற்பாடு பல உயிர்களைக் காத்தது.

ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே மேலும் சென்றால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் வாகன விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். ஆனாலும் டாக்டர் பால் பிராண்டிடம் பயின்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தம் கால்களை உணர முடியாதவர், உணர்விழந்த கைகளைச் சீர்படுத்தினார்! 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமாக இருந்தவரும் அவரே.

டாக்டர் பிராண்ட் பின்னர் அமெரிக்கா சென்று, உணர்விழந்த கைகளுக்குச் செயற்கை வலி தர முயன்றார். கையுறையில் அழுத்தத்தை அறியும் கருவிகளைப் பொருத்தினார். அழுத்தம் மிகும்போது ஒலி எழுந்தது; விளக்கு எரிந்தது; நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்தார். அவர்களோ சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். நமக்கு இதைப் படிக்கையில் சிரிப்பு வந்தது. அதிகாலை அலார மணியை அமர்த்திவிட்டுத் தூங்குகிறவர்கள் தாமே நாமும்!

இன்று கருவிகள் உடலுக்குள்ளேயே போய்விட்டன. நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் வைக்கப்படும் சிறிய அழுத்தமானி ஒன்றுக்கு 2014-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அதில் பாட்டரியே இல்லை. வெளியிலிருந்து வரும் ரேடியோ அலையே அதற்குச் சக்தி. அது இதயம் தளர்ந்தவர்களுக்கானது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்காகச் சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அறிவிக்கும் கருவிகளை ஆராய்ச்சியாளர் உருவாக்கி வருகின்றனர். வேலை கடினமானது. சிறுநீரின் உப்புகள் கருவியின்மேல் படியும், கிருமி சேரும். நம் ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கெனத் தனிப் பூங்கா அமைக்கும் திட்டமும் உண்டு. இத்தகைய கருவி இங்கேயே உருவாகி, ஏழைத் தொழிலாளிக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டுமென்பது நம் ஆசை. ஆனால் நள்ளிரவில் அது எச்சரித்தால் எழுந்து உதவ வீட்டில் ஒருவர் வேண்டுமே!

அதுவரை கைக்கண்ணாடியே காவலாளி. காலையும் மாலையும் அதைப் பிடித்து முதுகையும் பிட்டத்தையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். நம் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஓரிடம் மட்டும் கூடுதலாகக் கறுத்திருந்தாலோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலோ, அது சரியாகும்வரை அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதுடன் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.